பூங்காவிற் கூடுவோரும் துப்புரவுப் பணமும்

நகரப் பூங்காக்களில் கூட்டமோ விழாவோ நடத்த விரும்புவோர் முன்னதாக ஒரு தொகையைக் கட்டுதல் வேண்டும் என்னும் முறை இந்நாளில் பல நாடுகளில் வேரூன்றியுள்ளது. அத்தொகை இருவகைப்படும். இடம் பழுதின்றி ஒப்படைக்கப்படின் திருப்பித் தரப்பெறுவது ஒன்று; இதனை டெபாசிட் என்பர். குப்பையை அகற்றும் செலவுக்கென்று வாங்கி, மீளாது வைத்துக்கொள்ளப்பெறுவது மற்றொன்று; இது துப்புரவுக் கட்டணம். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி, வேண்டும் என்பாரும் வேண்டா என்பாருமாய் மக்கள் வழக்கிடுகின்றனர். யாம் அவ்வாறு கொள்ளேம். டெபாசிட் நேர்மையானது, கட்டணமோ, அதன் அளவு அதிகாரியின் விருப்பத்திற்கு விடப்படும்போது, எளியோரைப் பூங்காவினின்று விலக்கும் வேலியாகிவிடும் என்பதே எம் கருத்து.

பொதுவிடத்திற் கூடுதற்குப் பணம் எதற்கு என்று வினவுவார்க்கு நியூயார்க் நகரத்துச் சென்ட்ரல் பார்க் விடை கூறும். 843 ஏக்கர் பரப்புள்ள அப்பூங்காவின் நடுவே 'கிரேட் லான்' என்னும் பெரும் புல்வெளி உள்ளது. முன்னொரு காலத்தில் அது நீர்த்தேக்கம். 1981 செப்டம்பர் 19 ஆம் நாள் சைமன், கார்ஃபங்கல் என்னும் இசைவாணர் இருவர் அங்கே கட்டணமின்றிப் பாடியபோது ஐந்து இலட்சம் மக்கள் திரண்டனர் என மதிப்பிட்டனர். சீர்கெட்டுக் கிடந்த பூங்காவைச் செப்பனிடப் பொருள் திரட்டுவதே அவ்விசையரங்கின் நோக்கம் என்பது நகைப்பிற்குரியதே. பத்து இலட்சம் கால்கள் மிதித்த பின்னர்ப் புல் என்னாகும்! ஆண்டுதோறும் கூட்டங்கள் மிதிக்க மிதிக்க அவ்வெளி புழுதித் திடலாயிற்று. முடிவில் அதனை மூடிவைத்துப் புதுக்கி, 1997 இல் மீண்டும் திறந்தனர். அதற்கு ஏறக்குறைய 1 கோடியே 80 இலட்சம் டாலர் செலவாயிற்று. புல் விலையற்றதன்று.

குப்பையும் தானே மறைவதன்று. விழா முடிந்து நாம் இல்லம் புகுந்து உறங்கும்போது, தாள்களையும் எச்சிற்கலங்களையும் குனிந்து பொறுக்குவோர் சிலர் உளர். பட்டினப்பாலை பயின்ற மாணவர்க்கு இங்கே ஓர் இடம் நினைவிற்கு வரலாம். காவிரிப்பூம்பட்டினத்துப் பொதியிலில் தரை மெழுகி மலரிட்டு, அந்தியில் விளக்கேற்றியவர்கள் சிறைபிடித்துக் கொணரப்பெற்ற மகளிர். பலரும் வந்து தொழுதற்குரிய பொதுவிடத்தின் தூய்மை, மறுக்கவியலாதார் கைகளால் அமைந்தது. அவ்வடிகளைப் படிக்குங்கால் சொல்லழகில் நம் உள்ளம் நின்றுவிடுகின்றது. மெழுகிய கையை யார் நினைக்கின்றனர்? கூடியவரே தம் குப்பையை வாருக, வாராவிடின் வாருவார்க்குரிய கூலியை அவரே தருக என்று கேட்பது கொடுமையாகாது.

எனினும் பணம் வாங்கும் அதிகாரம் கருத்தை அடக்கும் கருவியாதலும் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தார் மூன்று வழக்குகளில் இதனை ஆராய்ந்துள்ளனர். 1941 இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டர் நகர வழக்கில், ஊர்வலத்திற்கு 300 டாலர் வரை கட்டணம் வாங்கலாம் என்னும் சட்டத்தை ஏற்றனர். அது வருவாய்க்காக அன்று, ஒழுங்கு காக்கும் செலவிற்கே என்றனர். 1992 இல் ஜார்ஜியா மாநிலத்து ஃபோர்சைத் கவுண்டி வழக்கு வந்தது. அங்கே நாளொன்றுக்கு 1,000 டாலர் வரை அதிகாரி தாமே அளவிட்டுக் கேட்கலாம். மார்ட்டின் லூதர் கிங் நினைவாக விடுமுறை விடுதலை எதிர்த்துக் கூடவிரும்பிய 'நாஷனலிஸ்ட் மூவ்மெண்ட்' என்னும் கூட்டத்தாரிடம் 100 டாலர் கேட்கப்பட்டது. நீதிபதிகளுள் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமும் நிற்க, அவ்விதி செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. பேசுவோர் கருத்தையும், அதனைக் கேட்டுச் சினப்போர் தொகையையும் கண்டு கட்டணத்தை ஏற்றவும் இறக்கவும் அதிகாரிக்கு இடந்தருதல் தகாது என்பது அதன் சாரம். வென்றவர் நிறவெறியர், அவர் கொள்கையை யாம் வெறுக்கின்றோம். ஆனால் அதே விதி கறுப்பின மக்களின் ஊர்வலத்தின்மீது பாய்ந்திருப்பின் யாது சொல்லியிருப்போம்?

மூன்றாவது, 2002 இல் தீர்ந்த சிகாகோ வழக்கு. ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் பூங்காவிற் கூட அனுமதி பெறுக என்னும் விதியை நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக ஏற்றனர். மறுத்தற்குரிய காரணங்கள் அங்கே முன்னரே எழுதி வைக்கப்பட்டிருந்தன. முன்பு பூங்காவிற்குக் கேடு விளைத்து அதற்குரிய தொகையைக் கட்டாதவர்க்கு அனுமதி மறுக்கலாம் என்பதும் அவற்றுள் ஒன்று. இது எமக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகின்றது. செய்த கேட்டிற்கே தண்டம், செய்யக்கூடும் என்னும் ஐயத்திற்கு அன்று.

ஐயத்தின்பேரில் மறுத்தால் நேர்வதைக் காண மீண்டும் கிரேட் லானுக்கே செல்லலாம். 2004 ஆகஸ்டில் குடியரசுக் கட்சியின் மாநாடு நியூயார்க்கில் நடைபெறவிருந்தபோது, ஈராக்குப் போரை எதிர்ப்போர் அங்கே இரண்டரை இலட்சம் பேர் கூட அனுமதி வேண்டினர். புல் கெடும் என்று நகரத்தார் மறுத்தனர், நீதிமன்றங்களும் தலையிடவில்லை. முந்தின ஆண்டிலே வணிக நிறுவனம் ஒன்றின் ஆதரவில் டேவ் மேத்யூஸ் இசைக்குழு பாட அதே புல்வெளி திறந்துவிடப்பட்டது! பாட்டிற்கு வளைந்த புல் போர் மறுப்பிற்கு மட்டும் ஒடிந்துவிடுமோ என்று மக்கள் ஐயுற்றதில் வியப்பில்லை. அவ்வாண்டே இடம் மறுக்கப்பெற்ற வேறு சங்கத்தார் தொடுத்த வழக்கு 2008 இல் இணக்கமாய் முடிந்து, 50,000 என்றிருந்த வரம்பு 75,000 ஆயிற்று. புல்லின்மீது நகரத்தார்க்கு இருந்த அக்கறை பொய்யென்று யாம் கூறவில்லை. இசைக்கும் எதிர்ப்பிற்கும் ஒரே அளவுகோல் இருந்திருப்பின் இவ்வையம் எழுந்திராது.

நம் நாட்டிலும் 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், உரிமம் பெறாத இடத்தில் நூற்றுவருக்கு மேற்பட்டோரைக் கூட்டுவோர் மூன்று வேலை நாட்களுக்கு முன்னர் உள்ளாட்சிக்கு அறிவித்தலையும், குப்பையைத் தரம்பிரித்து ஒப்படைத்தலையும் கடமையாக்கின. கடமை தெளிவு, கணக்குத்தான் தெளிவில்லை. சென்ற ஆண்டு எம் நண்பர் முப்பதின்மர் ஒரு நகரப் பூங்காவில் கவியரங்கு நடத்த ஆயிரம் ரூபாய் டெபாசிட் கட்டினோம். வேர்க்கடலைத் தோல் ஈறாகப் பொறுக்கிவிட்டே வந்தோம். நான்கு திங்கள் கழித்துப் பணம் வந்தது, இருநூறு குறைவாக. எதற்கு என்று ஒரு வரியும் இல்லை. கணக்கின்றிப் பிடிக்கப்பெறும் டெபாசிட் பெயர் மாறிய கட்டணமேயன்றி வேறன்று.

ஆதலின் டெபாசிட் வாங்கும் நகராட்சிகள் அதன் அளவை வாயிற்பலகையில் எழுதி வைத்தல் வேண்டும். பந்தற்கால் நடுவோரும் அடுப்பு மூட்டுவோரும் மிகுதியாகக் கட்டுக. நின்று பேசிக் கலைவோர் சிறிதே கட்டுக. பேச்சின் பொருளை எவரும் கேளாதிருப்பாராக. கூட்டத்திற்கு முன்னும் பின்னும் பூங்காக் காவலரும் கூட்டுவோரும் உடன் நடந்து தரையைப் பார்த்து, இருவரும் கையொப்பமிடுதல் நன்று. பழுதில்லையேல் ஒரு வாரத்திற்குள் பணம் திரும்புக. பிடித்தால் எத்தனை ஆள், எத்தனை நாழிகை உழைத்தார் என்னும் சீட்டு உடன் வருக. அப்பணம் உழைத்தவர் கைக்கே செல்லுதல் வேண்டும். பணம் கட்டவியலாத எளிய சங்கத்தாரிடம் தாமே துப்புரவு செய்வதாக இருவர் எழுதித்தரும் உறுதிமொழியை ஏற்கலாம். மழையால் தரை சேறான நாளில் கூட்டத்தை வேறு நாளுக்கு மாற்றித் தருவதும், அதன்பொருட்டுக் கட்டிய தொகையில் ஒரு காசும் குறையாதிருப்பதும் விதியிலேயே எழுதப்படுதல் வேண்டும்.