ஆட்டுத்தலையை மாட்டியது யார்?

ஐப்பசியில் சூரசம்ஹாரம். சூரன் பொம்மைக்கு யானைத்தலை, சிங்கத்தலை என மாற்றி மாற்றி மாட்டுவார்கள். வேல் ஒவ்வொன்றாகச் சாய்க்கும். நெய்வேலிப் பிள்ளைகளும் அப்பாவின் தோளில் உட்கார்ந்து கைதட்டுவார்கள். அந்த வரிசையில் பெரும்பாலும் வராத தலை ஒன்று உண்டு. சூரபத்மனின் தங்கை அசமுகியின் ஆட்டுத்தலை.

கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணப்படி, காசிப முனிவரும் மாயையும் ஒரே இரவில் உருமாறி உருமாறிக் கூடுகிறார்கள். மனித உருவில் சூரபத்மன், சிங்க உருவில் சிங்கமுகன், யானை உருவில் தாரகன், ஆட்டு உருவில் அசமுகி. ஆடாக மாறிய அப்பன் கடைசிவரை முனிவர். அந்த முகத்தோடு பிறந்த மகள் அரக்கி. உருமாறியது அவர், பழி சுமப்பது இவள். பிறப்பை வைத்து ஆளை எடைபோடும் புத்தி வேறு எப்படி இருக்கும்?

தக்கனுக்கும் ஆட்டுத்தலைதான். ஆனால் அவன் பிரமனின் மகன். ஆகவே அரக்கன் அல்ல, பிரஜாபதி. சூரன் மாமரமானால் வஞ்சகம். அவனுக்கு அஞ்சி இந்திரன் சீர்காழியில் மூங்கிலாக ஒளிந்தால் தலபுராணம்.

இந்திராணியை அண்ணனுக்காக அசமுகி இழுத்துப்போகப் பார்த்தாள். குற்றம்தான், மாகாளர் அவள் கையை வெட்டினார். கௌதமர் வேடத்தில் அகலிகையை ஏமாற்றிய இந்திரன் சாபம் வாங்கினான். ஆனாலும் தேவர்கோன் பட்டம் போகவில்லை. புராணத்தின் நீதியும் குலம் பார்த்துத்தான் தண்டிக்கிறது.

1873இல் ஜோதிராவ் புலே 'குலாம்கிரி'யில் அசுரர்களை வெல்லப்பட்ட மண்ணின் மக்களாகப் படித்தார். அதை வரலாறாக ஏற்காதவர்கூட அவர் எழுப்பிய கேள்வியைத் தாண்ட முடியாது: இந்தக் கதையால் யாருக்கு லாபம்?

"அதெல்லாம் பழங்கதை, டவுன்ஷிப்பில் ஏது சாதி?" என்பார்கள். 1956இல் நிறுவனம் தொடங்கிய பிறகு பல ஊர்க்காரர்கள் இங்கே ஒன்றாகக் குடியேறினார்கள். குவார்ட்டர்ஸ் கிடைப்பது கிரேடு பார்த்து. பழுப்பு நிலக்கரித் தூசியும் எல்லார் சட்டையிலும் ஒரேமாதிரிதான் படிகிறது. ஆனால் "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு? குலதெய்வம் எது?" என்ற விசாரிப்பு வட்டம் வட்டமாகச் சுற்றுகிறது. கிராமத்தில் சேரி என்று வெளிப்படையாக நிற்பது இங்கே நலம் விசாரிப்பாக வருகிறது. கல்யாணப் பேச்சு எடுத்தால் முழு உருவமும் தெரிந்துவிடும். தோழர்களே, நம் காலத்தின் மாயாவி சாதிதான்.

அடுத்த சஷ்டியில் தோளில் இருக்கும் பிள்ளை, "ஏம்ப்பா அவங்களுக்கு மட்டும் மிருகத் தலை?" என்று கேட்டால் அதட்டாதீர்கள். அந்தத் தலையை மாட்டியது யார் என்று சேர்ந்து தேடுங்கள்.