ஸ்டேட் கோப்பு மூடிய வாரத்தில்



நமக்கு வரும் கடிதங்களில் அண்மைக்காலமாக ஒரு கவலை திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. மாநில வரித் துறை பழைய வருடக் கணக்கைப் பிரித்துத் தணிக்கை செய்தது, மாதக்கணக்கில் இழுத்தது, கடைசியில் ஒரு தொகையைக் கட்டச் சொன்னது. கட்டியாயிற்று, கோப்பு மூடப்பட்டதாகக் கடிதமும் வந்தாயிற்று. விட்டது தொல்லை என்று இருக்கும்போது ஐ.ஆர்.எஸ்ஸிடமிருந்து ஓர் உறை வருகிறது. அதே வருடம், அதே விடுபட்ட வருமானம். “ஸ்டேட்டோடு முடிந்த விஷயம்தானே, ஃபெடரலுக்கு எப்படிப் போனது?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் அதிர்ச்சியோடு ஒரு கூச்சமும் கலந்திருக்கிறது. தெரிந்தவர்களிடம் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று தயங்கித்தான் பலர் நமக்கு எழுதுகிறார்கள். இந்த மாதப் பக்கம் அவர்களுக்கானது.

விஷயம் போனது மறைவான வழியில் அல்ல. ஃபெடரல் வரிச் சட்டத்தின் 6103ஆம் பிரிவு, வரி விவரங்களை மாநில வரித் துறைகளோடு பகிர்ந்துகொள்ள ஐ.ஆர்.எஸ்ஸுக்கு இடம் தருகிறது. அதையொட்டிய ஒப்பந்தங்களின்படி மாநிலங்களும் தங்கள் தணிக்கை முடிவுகளை அங்கே அனுப்புகின்றன. அப்படி வருவதைப் பார்ப்பதற்கென்றே ஐ.ஆர்.எஸ்ஸில் ஒரு திட்டம் இருக்கிறது. வந்ததையெல்லாம் கையில் எடுத்துவிடுவார்கள் என்றில்லை. ஆனால் எடுக்க மாட்டார்கள் என்று நம்பி உட்கார்ந்திருப்பது சரியல்ல.

நம்மவர்கள் இதில் ஏமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஐ.ஆர்.எஸ். தணிக்கை செய்து ஃபெடரல் கணக்கு மாறினால், அதை மாநிலத்துக்குச் சொல்ல நாள் குறித்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் ஆறு மாதம், நியூயார்க்கில் 90 நாள். கணக்குப் பார்ப்பவர் மறந்தாலும் மாநிலம் நினைவுபடுத்தும். எதிர்த்திசையில் அப்படி எதுவும் இல்லை. மாநிலத் தணிக்கை முடிந்த இத்தனை நாளுக்குள் 1040-எக்ஸ் போடு என்று யாரும் கடிதம் அனுப்புவதில்லை. வருமானம் விடுபட்டது தெரியவந்தால் திருத்திய ரிட்டர்ன் போட வேண்டும் என்று ஐ.ஆர்.எஸ். விதிகள் சொல்வதோடு சரி. தேதி இல்லாத வேலை தள்ளிப்போகத்தானே செய்யும்! ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஸ்டேட் கோப்பு மூடிய அதே வாரத்தில் அந்த வருடத்து ஃபெடரல் ரிட்டர்னை நீங்களே வெளியே எடுங்கள்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கவனக்குறைவால் வரி குறைந்துபோனால், குறைந்த வரியின் மேல் 20 சதவீதம் தண்டம் போட ஐ.ஆர்.எஸ்ஸால் முடியும். ஆனால் அந்த வருடக் கணக்கைத் தணிக்கை செய்யப்போவதாக ஐ.ஆர்.எஸ். உங்களை முதன்முதலில் தொடர்புகொள்வதற்கு முன்பே திருத்திய ரிட்டர்னைப் போட்டு விடுபட்ட வரியைக் காட்டிவிட்டால், அந்தத் தொகைக்கு இந்தத் தண்டம் பொருந்தாது. வட்டி போகாது, அது பழைய கெடு தேதியிலிருந்தே ஓடும். வேண்டுமென்றே மறைத்த கணக்குக்கு இந்தச் சலுகையும் கிடையாது. கவனிக்க வேண்டியது, மாநிலம் உங்களைக் கூப்பிட்டது ஐ.ஆர்.எஸ். கூப்பிட்டதாக ஆகாது என்பதைத்தான். மாநிலத் தணிக்கை முடிந்து, ஃபெடரல் உறை வந்து சேரும்வரை உள்ள அந்த இடைவெளி உங்களுடையது. நல்லெண்ணம் உள்ளவர்கள்கூட அதைத் தெரியாமல் கைநழுவ விடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

வருமான வரித் தணிக்கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன் என்று கடை வைத்திருக்கும் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உண்மையில் இந்த வலையில் அதிகம் சிக்கக்கூடியவர்கள் நம் மளிகைக் கடைக்காரர்களும் உணவகம் நடத்துபவர்களும்தான். அவர்களிடம் முதலில் வருவது விற்பனை வரித் தணிக்கை. டெக்சாஸில் மாநில வருமான வரியே இல்லை, எங்களுக்கென்ன என்று அங்குள்ள நண்பர்கள் சொல்வதுண்டு. விற்பனை வரி அங்கேயும் இருக்கிறது, அதற்குத் தணிக்கையும் இருக்கிறது.

விற்பனை வரித் தணிக்கையாளர் எப்படிக் கணக்குப் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்வது நல்லது. கல்லாப்பெட்டி ரசீதை மட்டும் நம்ப மாட்டார். மொத்த வியாபாரிகளிடம் நீங்கள் வாங்கிய சரக்கின் பில்களை எடுத்து, அதன்மேல் இந்த வகைக் கடை வழக்கமாக எவ்வளவு லாபம் வைக்கும் என்று பார்த்து, இவ்வளவு விற்றிருக்க வேண்டும் என்று ஒரு தொகைக்கு வருவார். வங்கியில் போட்ட பணத்தைக் கூட்டுவார். ஃபெடரல் ரிட்டர்னில் காட்டிய மொத்த வரவையும் விற்பனை வரிப் படிவத்தில் காட்டிய தொகையையும் அருகருகே வைத்துப் பார்ப்பார். உணவகமாக இருந்தால், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எத்தனை பில் போகிறது, எவ்வளவு ரொக்கம், எவ்வளவு கார்டு என்று எண்ணுவதும் உண்டு.

முடிவில் அவர் கூடுதல் வரி கேட்கலாம். எவ்வளவு கேட்டார் என்பதைவிட ஏன் கேட்டார் என்பதுதான் ஃபெடரலுக்கு முக்கியம். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கலிபோர்னியாவில் ஒரு கடையில் அரிசி, பருப்பு, இட்லி மாவோடு மூலையில் சூடான சமோசாவும் விற்கிறார்கள். மளிகைக்கு விற்பனை வரி இல்லை. சூடாகத் தரும் சமோசாவுக்கு உண்டு. கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகப் போட்டு வரியில்லாத விற்பனை என்று எழுதிவிட்டார். தணிக்கையில் அகப்பட்டு வரி கட்டுகிறார். சமோசா விற்ற பணம் ஏற்கெனவே அவருடைய மொத்த வரவில் இருக்கிறது. எனவே ஃபெடரல் வருமானம் ஒரு டாலர்கூட ஏறாது. வாடிக்கையாளரிடம் வாங்காமல் தன் கையிலிருந்து கட்டிய அந்த விற்பனை வரி வியாபாரச் செலவாகக்கூடக் கழியும். தண்டம் மட்டும் கழியாது.

இன்னொரு கடையில் விற்பனையே கணக்கில் ஏறவில்லை என்று முடிவாகிறது. ஒரு வருடத்தில் 40,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 9 சதவீத விற்பனை வரி 3,600 டாலர். கடைக்காரர் தணிக்கையாளரோடு பேசிப் பேசிக் களைத்துப்போய், 3,600தானே, கையெழுத்துப் போட்டுத் தொலைப்போம் என்கிறார். இங்கேதான் அவர் நிற்க வேண்டும். அந்த 40,000 டாலர் ஷெட்யூல் சி-யில் விடுபட்ட வருமானம். வாங்கிய சரக்கின் செலவு முன்பே கழிக்கப்பட்டிருந்தால், இது முழுக்க லாபமாகவே நிற்கும். 22 சதவீதப் படியில் இருப்பவருக்கு ஃபெடரல் வருமான வரி 8,800 டாலர். சுயதொழில் வரி ஏறக்குறைய 5,600. சின்னச் சின்னக் கழிவுகளால் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் மாநிலம் கேட்டதைப்போல மூன்று மடங்குக்கு மேல். மாநில வருமான வரி வேறு பின்னாலேயே வரும்.

அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் தணிக்கை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தணிக்கையாளரின் கணக்குத் தாள்களும் சேர்த்துத்தான். கெட்டுப்போய்த் தூக்கி எறிந்த காய்கறி, தள்ளுபடியாகக் குறைத்த தொகை, வீட்டுக்கு எடுத்துக்கொண்டது, பங்குதாரர் கடனாகப் போட்ட பணம் இவையெல்லாம் விற்பனையாக எண்ணப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அண்ணன் ஊரிலிருந்து அனுப்பிய பணம் வங்கிக் கணக்கில் வரவாக விழுந்து, அதுவும் விற்பனையோடு சேர்ந்துவிடக்கூடும். அதை மறுக்க வேண்டிய இடம் மாநிலத் தணிக்கையிலேயேதான். அங்கே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட அறிக்கையை வைத்துக்கொண்டு பிறகு ஐ.ஆர்.எஸ்ஸிடம் கதை சொல்வது கடினம்.

சட்டப்படி மாநிலத்தின் முடிவு ஐ.ஆர்.எஸ்ஸைக் கட்டுப்படுத்தாது. இரண்டின் விதிகளும் பல இடங்களில் வேறு. ஹெச்.எஸ்.ஏ. கணக்கில் போடும் பணத்துக்கு ஃபெடரல் விலக்குத் தருகிறது, கலிபோர்னியா தருவதில்லை. இயந்திரம் வாங்கிய முதல் வருடத்தில் ஃபெடரல் தரும் போனஸ் தேய்மானத்தையும் கலிபோர்னியா ஏற்பதில்லை. இப்படிப்பட்ட வேறுபாட்டால் மாநில வரி ஏறியிருந்தால் ஃபெடரலில் தொட வேண்டியது எதுவும் இல்லை. பயந்துபோய் எல்லாவற்றையும் திருத்திவிடாதீர்கள்.

வேலையாட்கள் விஷயமும் இந்த வகைதான். கலிபோர்னியாவில் 2020 முதல் ஏபி5 சட்டப்படி, ஒருவர் ஒப்பந்தக்காரர் என்று காட்டுவது முதலாளியின் பொறுப்பு. சமையலுக்கு வருபவரையோ டெலிவரி ஓட்டுபவரையோ 1099-இல் வைத்திருந்தால், மாநில வேலைவாய்ப்புத் துறை தணிக்கை செய்து அவர் ஊழியர்தான் என்று சொல்லலாம். ஃபெடரல் அளவுகோல் அவ்வளவு கடுமையானதல்ல. அங்கே அவர் இன்னமும் ஒப்பந்தக்காரராக நிற்கக்கூடும். ஆனால் இந்தத் தகவலும் ஐ.ஆர்.எஸ்ஸுக்குப் போகிறது. குறைந்த தொகையைக் கட்டிவிட்டுத் தாமாக முன்வந்து சரிசெய்துகொள்ள ஐ.ஆர்.எஸ். 2011இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஊழியரா ஒப்பந்தக்காரரா என்பதைப் பற்றி மாநிலத் தணிக்கை நடந்துகொண்டிருக்கும்போது அதில் சேர முடியாது. சேர நினைப்பவர்கள் தணிக்கைக் கடிதம் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

தணிக்கையால் உங்களுக்குப் பணம் திரும்பி வரவேண்டிய நிலையும் வரலாம். விடுபட்ட செலவு ஒன்றைத் தணிக்கையாளரே கண்டுபிடித்துச் சேர்த்தால் ஃபெடரலிலும் வரி குறையும். அதைக் கேட்க ரிட்டர்ன் போட்ட நாளிலிருந்து மூன்று வருடம், அல்லது வரி கட்டிய நாளிலிருந்து இரண்டு வருடம், எது பின்னால் வருகிறதோ அதுவரை நேரம் உண்டு. கலிபோர்னியா வருமான வரித் துறைக்கோ கூடுதல் வரி கேட்க நான்கு வருடம். அதுவும் போதாவிட்டால் கெடுவை நீட்டித்துத் தரச் சொல்லி உங்களிடம் கையெழுத்துக் கேட்பார்கள். அந்தக் கையெழுத்து மாநிலக் கடிகாரத்தை மட்டும்தான் நிறுத்தும். ஃபெடரலில் உங்களுக்கான நேரம் ஓடிக்கொண்டேயிருக்கும். தணிக்கை இழுக்கும் என்று தெரிந்தால், மூன்று வருடம் முடிவதற்குள் ஐ.ஆர்.எஸ்ஸிடம் முன்னெச்சரிக்கையாக ஒரு கோரிக்கையைப் பதிவுசெய்து வைக்கச் சொல்லி உங்கள் சி.பி.ஏ.விடம் கேளுங்கள்.

உங்களிடம் கூடுதல் வரி கேட்க ஐ.ஆர்.எஸ்ஸுக்கும் பொதுவாக மூன்று வருடம்தான். காட்டிய வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் விடுபட்டிருந்தால் ஆறு வருடம்.

தணிக்கையில் கட்டிய மாநில வருமான வரியை எந்த வருடத்தில் கழிப்பது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. வருமானம் விடுபட்டிருந்தால் அது பழைய வருடத்துக்குப் போகும். கட்டிய மாநில வரியோ கட்டிய வருடத்து ஷெட்யூல் ஏ-யில் வரும், பழைய வருடத்தைத் திருத்தக் கூடாது. மாநில, உள்ளூர் வரிக் கழிவுக்கு 2018 முதல் இருந்த 10,000 டாலர் உச்சவரம்பு 2025க்கு 40,000 ஆக உயர்ந்திருப்பதால், இதுவரை பயனில்லை என்று விட்டவர்கள் இப்போது பார்க்கலாம். அரை மில்லியன் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு அந்த வரம்பு குறையும். வட்டியும் தண்டமும் இதில் சேராது.

நம்மில் பலருக்குப் பொருந்தும் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ உள்ள வங்கியில் என்.ஆர்.இ. வைப்பு வைத்திருப்போம். அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கேயும் இல்லை என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே ஃபெடரலிலும் கலிபோர்னியாவிலும் அது வருமானம்தான். மாநிலத் தணிக்கையாளர் வங்கி விவரம் பார்க்கும்போது இது வெளியே வந்தால், ஃபெடரலில் வட்டியைச் சேர்ப்பதோடு முடியாது. வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு வருடத்தில் என்றைக்காவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் படிவமும் போட்டிருக்க வேண்டும். தெரியாமல் விட்டவர்கள் குறைந்த தண்டத்தோடு சரிசெய்துகொள்ள ஐ.ஆர்.எஸ். ஒரு வழி வைத்திருக்கிறது. ஐ.ஆர்.எஸ். தானே தணிக்கையைத் தொடங்கிவிட்டால் அந்தக் கதவு அடைபடும். இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஊருக்குத் திரும்பிவிட்ட வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஐ.ஆர்.எஸ். தன்னிடம் கடைசியாக உள்ள முகவரிக்குத்தான் எழுதும். நீங்கள் காலி செய்த அபார்ட்மென்ட்டுக்குக் கடிதம் போனாலும் அது உங்களுக்கு வந்ததாகவே கணக்கு. வரி பாக்கி என்று முறையான அறிவிப்பு வந்தால் வரி நீதிமன்றத்துக்குப் போக 90 நாள். அறிவிப்பு வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பப்பட்டிருந்தால் 150 நாள். மாநிலத் தணிக்கை நடக்கும்போது கோயம்புத்தூருக்கு வீடு மாற்றுகிறீர்கள் என்றால், 8822 படிவத்தில் புது முகவரியை ஐ.ஆர்.எஸ்ஸுக்கும் தனியாகத் தெரிவியுங்கள். மாநிலத்துக்குச் சொன்னால் ஃபெடரலுக்குச் சொன்னதாக ஆகாது.

அடுத்த இதழில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல, தணிக்கைகளில் நம்மவர்களுக்காக வாதாடிப் பழகிய ஒரு வரி ஆலோசகர் ஒப்புக்கொண்டிருக்கிறார். உங்கள் நிலைமையை எழுதி அனுப்புங்கள். பெயர் வெளியிட மாட்டோம். கடித நகலை இணைப்பதானால் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் கறுப்பு மையால் அடித்துவிட்டு அனுப்புங்கள். அந்தக் கடிதத்தில் பதில் தரவேண்டிய தேதி நெருங்கியிருந்தால் நம் இதழுக்காகக் காத்திருக்க வேண்டாம். முதலில் உங்கள் கணக்கரைக் கூப்பிடுங்கள், நமக்குப் பிறகு எழுதலாம்.

அன்புடன்,
ஆசிரியர்