காஞ்சியிலிருந்து காசிக்கு எத்தனை மணி நேரம்?

சென்னையிலிருந்து கொழும்பு விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 645 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலி அதில் பாதிக்குச் சற்றே கூடுதல், 355 கிலோமீட்டர்தான். இருந்தும் பயண நேரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. பலாலிக்குப் பறப்பது ஏடிஆர் 72 ரக விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவு. கொழும்புக்குப் போகும் ஜெட் 800ஐத் தாண்டும். தூரத்தை வைத்து நேரத்தைச் சொல்லும் பழக்கம் நம் பயண முகவர்களிடம் இன்னும் இருப்பதால் இதை எழுதுகிறோம்.

அட்டவணையில் இருப்பது வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் இறங்கிய ஊரில் போய் நிற்பது வரை எல்லாம் அதில் அடக்கம். ஓடுபாதையில் காத்திருப்பது 300 கிலோமீட்டருக்கும் உண்டு, 3,000 கிலோமீட்டருக்கும் உண்டு. நீண்ட தூரத்தில் காற்றும் சேர்ந்துகொள்கிறது: லண்டன் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது அதுவே பின்னிருந்து தள்ளும். வான்வழி மாறினாலும் நேரம் மாறும்: 2019 பிப்ரவரி இறுதியில் பாகிஸ்தான் வான்வெளி மூடப்பட்டு ஜூலையில்தான் முழுமையாகத் திறந்தது. அந்த மாதங்களில் டெல்லியிலிருந்து ஐரோப்பா சென்ற விமானங்கள் சுற்றிப் போயின.

இதெல்லாம் விமான நிறுவனம் கணக்கில் கொள்வது. நாம் கணக்கிட வேண்டியது வேறு.

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரிலிருந்து காசிக்குக் கிளம்பும் முதிய தம்பதியை எடுத்துக்கொள்வோம். சென்னை–வாரணாசி வான்தூரம் சுமார் 1,400 கிலோமீட்டர், நேரடி விமானத்தில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். நாம் அதை மட்டும் சொல்லி அனுப்பினால் அவர்கள் அதையே நம்புவார்கள். ஆனால் மீனம்பாக்கம் விமான நிலையம் போகவே அறுபது கிலோமீட்டருக்கு மேல். வழியில் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை ஷிப்ட் மாறும் வேளையில் சிக்கினால் இரண்டு மணி நேரமும் போதாது. விமானம் கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும். வாரணாசி விமான நிலையம் இருக்கும் பாபத்பூரில் இறங்கிப் பெட்டி எடுத்து, இருபத்தைந்து கிலோமீட்டர் நெரிசலில் ஊர்ந்து கங்கைக்கரை சேர இன்னும் ஒன்றரை மணி நேரம். சாலைக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தாலே ஆக மொத்தம் எட்டு மணி நேரம். விடியற்காலை ஐந்து மணிக்கு வீட்டைப் பூட்டினால் தங்குமிடம் சேரப் பிற்பகல் ஒரு மணி. சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவருக்கு இது உயிர் சார்ந்த விஷயம். காலைச் சாப்பாடு எங்கே, மாத்திரை எந்தப் பையில் என்று அவர் முன்பே தீர்மானிக்க வேண்டும். பெட்டியில் வைத்துச் சரக்கோடு அனுப்பிவிட்டால் வழியில் எடுக்க முடியாது.

பரந்தூர் விமான நிலையம் வந்தால் இந்தக் கணக்கு மாறும். 2022இல் அறிவிக்கப்பட்ட அந்த இடம் காஞ்சிபுரத்துக்குப் பக்கம். நம் வாடிக்கையாளருக்குச் சாலை நேரம் வெகுவாகக் குறையும். தொழிலுக்கு நல்லதுதான். ஆனால் அந்த நேரத்தை நமக்கு மிச்சப்படுத்த ஏகனாபுரம் போன்ற ஊர்கள் வீட்டையும் வயலையும் ஏரியையும் இழக்க நேரிடும். அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். அவர்களுக்கு நியாயமான தீர்வு கிடைக்காமல் வரும் வசதியை நாம் கொண்டாட முடியாது.

இப்போதைக்கு ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் பயணத்தாளில் முதல் வரியாக வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டிய நேரத்தைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். கடைசி வரியாகத் தங்குமிடம் சேரும் நேரம் இருக்கட்டும். விமான எண்ணும் புறப்பாட்டு நேரமும் இடையில் வரலாம்.