மதிப்பும் மறுப்பும்

ஈஜிபுராவை அடுத்த விவேக்நகரில் குழந்தை இயேசு திருத்தலம் உள்ளது. வியாழக்கிழமைகளில் கிறித்தவரல்லாதாரும் அங்குத் திரளாக வந்து வழிபடுகின்றனர். இத்தகைய இடங்களில் பிறர் நம்பிக்கையை மதிப்பது எளிது. ஏனெனில், அந்நம்பிக்கை நம் மனத்துக்கும் இனிதாக உள்ளது. நமக்குப் பொருந்தாத, தவறு என்றே தோன்றுகின்ற நம்பிக்கையையும் மதிக்க வேண்டுமா என்பதே கடினமான வினா.

இவ்வினா ஒருமுறை நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் கிடங்கூர் என்னும் ஊர் உள்ளது. 1985ஆம் ஆண்டு அவ்வூர்ப் பள்ளியில் உடன்பிறந்தோர் மூவர் பயின்றுவந்தனர். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்தவர்கள். காலைக் கூட்டத்தில் நாட்டுப்பண் பாடப்படும்போது அம்மூவரும் எழுந்து அமைதியாக நின்றனர், ஆனால் பாடவில்லை. தம் கடவுளை நோக்கிய வேண்டுதலன்றி வேறு சடங்குகளில் பங்குகொள்ளத் தம் சமயம் இடந்தரவில்லை என்று அவர்கள் நம்பினர். இதற்காக அவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர்.

கேரள உயர் நீதிமன்றம் நாட்டுப்பண்ணின் சொற்களை ஆராய்ந்தது. எச்சமயத்தாரையும் புண்படுத்தும் சொல் எதுவும் அதில் இல்லை எனக் கூறி, குழந்தைகளின் முறையீட்டை ஏற்க மறுத்தது. உச்ச நீதிமன்றம் வேறு வகையில் சிந்தித்தது. ஒரு நம்பிக்கை நம் அறிவுக்கு ஏற்புடையதா என்று ஆராய்வது தேவையன்று. அஃது உண்மையாகவும் மனச்சான்றோடும் கொள்ளப்பட்டதா என்பதே கேள்வி என்றது. மேலும், நாட்டுப்பண்ணைப் பாடியே ஆகவேண்டும் என எச்சட்டமும் கட்டளையிடவில்லை என்றும், எழுந்து நிற்பதே உரிய மதிப்பளிப்பதாகும் என்றும் தெளிவுபடுத்தியது. 1986 ஆகஸ்டு 11 அன்று வந்த அத்தீர்ப்பு, குழந்தைகளை மீண்டும் பள்ளியில் சேர்க்க ஆணையிட்டது.

இங்கு ஒன்றை நாம் உற்றுநோக்க வேண்டும். அக்குழந்தைகளின் நம்பிக்கை சரியானது என்று நீதிமன்றம் கூறவில்லை. அதைக் கொண்டிருக்கும் உரிமையையே காத்தது. அந்நம்பிக்கையை ஏற்காதவரும் அக்குழந்தைகளை மதிக்கலாம். கருத்தை மறுப்பது வேறு. கருத்துடையவரை இழிவுசெய்வது வேறு.

அவ்வாறாயின், நம்பிக்கை என்ற பெயரில் வருவன அனைத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா? அதே கோட்டயம் மாவட்டத்திலுள்ள வைக்கம் இதற்கு விடை தருகிறது. அவ்வூர்ச் சிவன் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் நடக்கத் தடை இருந்தது. 1924ஆம் ஆண்டு அதனை எதிர்த்துப் போராட்டம் தொடங்கியது. தமிழகத்திலிருந்து சென்று அதில் பங்கேற்ற பெரியார் இருமுறை சிறைப்பட்டார். தடையை ஆதரித்தவர்களும் அதைத் தம் நம்பிக்கை என்றே கூறினர். தாழ்ந்த பிறப்பு முற்பிறவியின் வினைப்பயன் என வாதிட்டனர்.

கிடங்கூர்க் குழந்தைகளின் நம்பிக்கை அவர்களுடைய நாவை மட்டுமே கட்டியது. வைக்கத்து நம்பிக்கையோ பிறருடைய கால்களைக் கட்டியது. முன்னதற்கு இடந்தருவது நம் கடமை; பின்னதை எதிர்ப்பதும் நம் கடமை. நம் அரசமைப்பும் இவ்வாறே வகுத்துள்ளது. அதன் 25ஆவது பிரிவு சமய உரிமையை வழங்குகிறது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது.

இவ்வளவுகோல் வகுப்பறைக்கும் பொருந்தும். கோவில் பிரசாதத்தை உண்ணத் தம் சமயம் இடந்தராது என ஒரு தோழி மறுத்தால், அவரை வற்புறுத்துதல் கூடாது. எள்ளி நகையாடுதலும் கூடாது. காரணத்தை அன்போடு வினவலாம். நம் மாற்றுக் கருத்தையும் எடுத்துரைக்கலாம். ஆனால், குறிப்பிட்ட சாதியாரோடு அமர்ந்து உண்ணலாகாது என்பது எங்கள் வழக்கம் என ஒருவர் கூறினால், அவ்வழக்கத்துக்கு நாம் தலைவணங்க வேண்டியதில்லை. அவர் யாரை விலக்கினாரோ அவர் அருகில் சென்று அமர்வதே நாம் அளிக்கத்தக்க விடை.

தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்கு வந்த நம் குடும்பங்கள் மொழியையும் வழிபாட்டையும் உடன் கொண்டுவந்தன. அவற்றைப் பேணும் உரிமையை நாம் இந்நகரில் விரும்புகிறோம். நாம் விரும்பும் அவ்வுரிமையைப் பிறர்க்கும் அளிப்போம். அதன் பெயரால் எவரும் தாழ்த்தப்படாதிருக்கவும் துணைநிற்போம்.