தண்டில் என்ன பசை?

பழுதுபார்க்க வரும் கார்பன் அம்புகளில் இலக்குச் சட்டத்தில் இடித்து வீணானவை ஒரு வகை. பாயிண்ட்டை முறுக்கத் தண்டின் வாய்க்குள் ஒட்டியிருக்கும் இன்சர்ட்டைக் கழற்றும் மேசையிலேயே வீணானவை இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகைக்கு நாம்தான் பொறுப்பு. மரை தேய்ந்த இன்சர்ட்டை மாற்றவோ, முன்பக்க எடையைக் கூட்ட அலுமினியத்துக்குப் பதில் பித்தளை வைக்கவோ வந்த தண்டாக இருக்கும், சின்ன வேலைதான். முடித்துத் தரும்போது தண்டின் வாய் பிளந்திருந்தாலாவது ஒதுக்கிவிடலாம். உள்ளே ரெசின் தளர்ந்து, வெளியே ஒரு கீறலும் இல்லாமல் வீரரின் கூட்டுக்குத் திரும்பிப் போகும் அம்புதான் பயம்.

இதற்குக் காரணம் பழக்கம். அலுமினியத் தண்டுக் காலத்தில் முனையைத் தீயில் காட்டி இழுத்தால் வேலை முடிந்தது. உலோகம் அதைப் பொறுத்துக்கொண்டது. கார்பன் தண்டு என்பது இழைகளை எபாக்ஸி ரெசினில் பிடித்து வைத்த மெல்லிய சுவர். இன்சர்ட்டை ஒட்டியிருக்கும் பசையும் பல நேரம் அதே குடும்பம். பட்டறையில் குழைத்து ஒட்டும் சாதாரண எபாக்ஸி, பெரும்பாலும் 100 டிகிரி செல்சியஸை எட்டும் முன்பே பிடியை விடத் தொடங்கும். சூளையில் வைத்துப் பதப்படுத்திய தண்டின் ரெசின் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அந்தக் ‘கொஞ்சம்’தான் நமக்குக் கிடைத்திருக்கும் இடைவெளி. கேஸ் டார்ச்சின் தீ நாக்கு சில நொடிகளிலேயே அதைத் தாண்டிவிடும்.

ஆகவே தீ உலோகத்துக்கு மட்டும்தான். பழைய எஃகு ஃபீல்ட் பாயிண்ட் ஒன்றை இன்சர்ட்டின் மரையில் முழுதாக முறுக்குங்கள். அதன் கூர்முனையை மட்டும் சில நொடி சூடாக்கிவிட்டுத் தீயை விட்டு எடுங்கள். உடனே இழுக்க வேண்டாம். சூடு மரை வழியாக இன்சர்ட்டுக்குப் போய்ச் சேரட்டும். பிறகு குறடால் பாயிண்ட்டைப் பிடித்து, லேசாகத் திருகியபடி நேராக இழுங்கள். அசையவில்லையா, இன்னொரு முறை அதே அளவு சூடு. இவ்வளவு நேரமும் மற்றொரு கையின் இரண்டு விரல் இன்சர்ட்டுக்குப் பின்னால் தண்டின் மேல் இருக்க வேண்டும். விரலை வைக்க முடியாத சூடு வந்துவிட்டால் ஈரத் துணியைச் சுற்றி ஆறவிடுங்கள். வெப்பமானியைவிட இந்த விரலை நம்பலாம். எக்ஸ் 10 போல கார்பனுக்குள் மெல்லிய அலுமினியக் குழாய் உள்ள தண்டுகளில் கூடுதல் எச்சரிக்கை தேவை. உள்குழாய் சூட்டைப் பின்னோக்கி நன்றாகவே கடத்தும்.

இன்னொரு கணக்கும் உண்டு. அலுமினியம் ஒரு டிகிரி சூட்டுக்குப் பத்து லட்சத்தில் சுமார் 23 பங்கு விரிகிறது. கார்பன் இழையோ தன் நீளவாக்கில் அநேகமாக விரிவதே இல்லை. அதிகமாகச் சூடேற்றினால் பசை இளகும் அதே நேரத்தில் இன்சர்ட் பருத்துச் சுவரை நெருக்கும். குளிரில் இது தலைகீழ். ஃபெவிக்விக் வகை சயனோஅக்ரிலேட் பசை குளிரில் நொறுங்கும் தன்மை கொண்டது. தண்டின் முன்பகுதியை உறைபெட்டியில் வைத்து எடுத்த சூட்டோடு (குளிரோடு என்று சொல்ல வேண்டுமோ) திருகினால் பல நேரம் ஒரு சொடுக்குச் சத்தத்துடன் விட்டுவிடும். தீயே வேண்டாம். சூட்டில் இளகும் ஹாட் மெல்ட் பசைக்கு ஒரு குவளைக் கொதிநீர் போதும்.

முரட்டு எபாக்ஸிக்கு, பின்முனையில் நாணைப் பிடிக்கும் நாக்கைக் (nock) கழற்றிவிட்டு, உள்விட்டத்தைவிடச் சற்றே மெல்லிய, முனை மழுங்கிய எஃகுக் கம்பியைத் தண்டுக்குள் போட்டு, பின்வாயை உள்ளங்கையால் மூடிக் குலுக்குவார்கள். கம்பி உள்ளிருந்து இன்சர்ட்டின் முதுகில் தட்டும். மிதமான சூட்டுக்குப் பின் செய்தால் பலன் அதிகம். டிரில் பிட்டைப் போடுகிறவர்கள் அதன் வெட்டுமுனை உள்சுவரை உரசுவதை நினைப்பதில்லை.

புதிதை ஒட்டுவதில் விஷயம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல அதிகமில்லை. பழைய பசையைச் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சு சுத்தமாக வெளியே வரும்வரை துடையுங்கள். வாயை மட்டம் தட்டும்போது முகக்கவசம் போடுங்கள். கார்பன் தூசு நுரையீரலுக்கு ஆகாது. நாக்கை மாட்டி வைத்துக்கொண்டு இன்சர்ட்டைத் தள்ளாதீர்கள். உள்ளே அடைபட்ட காற்று பசை இறுகும் முன் அதை வெளியே தள்ளிவிடும். ஒட்டி முடித்ததும் எடை பாருங்கள். உள்ளே வழிந்த பசையே சில கிரெயின் வரும். ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்தான் என்றாலும் ஒரு செட்டின் 12 அம்பும் ஒத்துப்போக வேண்டும். கடைசியாக, தண்டை எல்லாப் பக்கமும் மெல்ல வளைத்து, முறுக்கி, காதருகே கேளுங்கள். பஞ்சை அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். ஒரு முறுமுறுப்பு கேட்டாலோ ஓர் இழை பஞ்சில் மாட்டினாலோ அங்கேயே அதை உடைத்துப் போடுங்கள். வில்லில் ஏறிய பிறகு உடைந்தால் சிலாம்பு போய்ச் செருகும் இடம் வீரரின் வில் பிடித்த கை. இறக்குமதித் தண்டின் விலையை நினைத்து வரும் தயக்கத்துக்கு இதில் இடமே இல்லை.

இத்தனை முறைகளும் ஒரே கேள்வியில் தொங்குகின்றன: உள்ளே இருப்பது என்ன பசை? மேசைக்கு வரும் தண்டுக்கு அது தெரியாது, கொண்டுவந்தவருக்கும் பெரும்பாலும் தெரியாது. அதனால் எல்லாரும் நேராகத் தீக்கே போகிறோம். இதை மாற்றுவது எளிது. வீரரின் பெயரோ முதலெழுத்தோ தண்டில் இருக்க வேண்டும் என்பது உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதி, எப்படியும் எழுதுகிறோம். அதன் பக்கத்தில் இன்னொரு சிறிய எழுத்து: ஹாட் மெல்ட்டுக்கு ‘ஹா’, எபாக்ஸிக்கு ‘எ’, சயனோவுக்கு ‘ச’. செட் முழுவதும் ஒரே இடத்தில், ஒரே அளவில்.

எந்தப் பசை நல்லது என்பதில் என் பக்கம் வெளிப்படை. ரிகர்வ் வீரரின் தண்டுக்குக் குறைந்த சூட்டில் இளகும் ஹாட் மெல்ட். பிடி போதாது என்பார்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் அம்புக் கூட்டை விட்டால் போதாதுதான். கூட்டைக் காரில் விடாதீர்கள் என்று சொல்லலாமே தவிர, அதற்காக அரால்டைட்டைக் குழைக்க வேண்டியதில்லை. வேகமான காம்பவுண்ட் வில் வேறு கதை. அடர்த்தியான ஃபோம் இலக்கில் அம்பு நுழையும் உராய்வுச் சூட்டிலேயே ஹாட் மெல்ட் இளகி, இழுக்கும்போது பாயிண்ட் இலக்கிலேயே தங்கிவிடுவது உண்டு. அங்கே எபாக்ஸி வேண்டும், இறுகிய பிறகும் சற்று நெகிழ்வுள்ளதாக. அதைப் போடும்போது, பின்னால் கழற்ற முடியாமல் போனால் இன்சர்ட்டுக்குப் பின்னால் தண்டை வெட்ட வேண்டிவரும், வெட்டினால் அம்பு விறைத்து ஸ்பைன் மாறும் என்பதை வீரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.