மூன்றாவது எட்டு மணி நேரம் யாருக்கு?

"சங்க வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது சினிமாவைப் பற்றியும் செல்போன் விளையாட்டைப் பற்றியும் எழுதுவதா?" என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக் கூடும். சுளிக்கட்டும். ஷிப்டு மாறும் நேரத்தில் மில் வாசலில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். நாம் ஏன் எழுதுகிறோம் என்பது விளங்கிவிடும். நாம் கொடுக்கும் நோட்டீசை வாங்கித் தொழிலாளி சட்டைப் பையில் மடித்து வைக்கிறான். அதே பையிலிருந்து செல்போனை எடுக்கிறான். நடவு வயலின் வரப்பில் கஞ்சி குடிக்கிற வேளையிலும் இதே காட்சிதான். நோட்டீசை அவன் என்றைக்குப் படிப்பானோ தெரியாது; படத்தை இன்றைக்கே பார்த்து விடுகிறான். அந்தப் படம் அவனிடம் என்ன சொல்கிறது, அந்த விளையாட்டு அவனிடமிருந்து எதை எடுக்கிறது என்று தெரிந்து கொள்வது நம் கடமை அல்லவா?

இன்னொரு காரணமும் உண்டு. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் நமக்கே நமக்கு. இந்தக் கோரிக்கைக்காக 1886இல் சிகாகோ தொழிலாளிகள் ரத்தம் சிந்தினார்கள். 1923இல் சென்னையில் தோழர் சிங்காரவேலர் இந்நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. சங்கங்கள் ஒன்றுபட்டு எழுந்தன. மே தினத்தன்று அதை வாபஸ் வாங்குவதாக சர்க்கார் அறிவிக்க வேண்டியதாயிற்று. வேலை நேரத்தின் மீது கை வைத்தால் நாம் விழித்துக் கொள்கிறோம். ஆனால் அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தைச் சத்தமில்லாமல் தூக்கிக் கொண்டு போகிறார்களே, அதை யார் கேட்பது?

ஆகவே அண்மையில் நாம் பார்த்த இரண்டு படங்களையும், ஆடிப் பார்த்த இரண்டு விளையாட்டுகளையும், ஆடாமலே அறிந்து கொண்ட ஒரு விளையாட்டையும் பற்றி நம் அபிப்பிராயத்தை இங்கே சொல்கிறோம்.

கூலி கூடியது, வண்டி போயிற்று

முதல் படம் 'வாழை'. மாரி செல்வராஜ் எடுத்து 2024 ஆகஸ்டில் வெளிவந்தது. தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஜனங்களின் கதை. டைரக்டர் தம் சிறு வயதில் கண்டதையே படமாக்கியிருக்கிறார். சிவனைந்தன் என்ற பள்ளிக்கூடத்துப் பையன் நன்றாகப் படிக்கிறவன். ஆனால் சனி, ஞாயிறு வந்தால் வாழைத்தார் சுமக்கப் போயாக வேண்டும். தாய் முன்பணம் வாங்கியிருக்கிறாள். அந்த முன்பணம் பிள்ளையின் கழுத்தில் நுகத்தடியாக ஏறிவிட்டது. இதைச் சொல்ல சினிமாக்காரர் வேண்டியதில்லை, நம் வாசகர்களில் பாதிப் பேர் வீட்டுக் கதை இது. ஆனால் நம் வீட்டுக் கதையைத் திரையில் பார்க்கும் பாக்கியம் நமக்கு எத்தனை முறை வாய்த்திருக்கிறது?

படத்தின் உயிர்நாடி ஒரு கூலிப் போராட்டம். தாருக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்டுச் சுமைக்காரர்கள் ஒன்றாக நிற்கிறார்கள். சரக்கு அழுகி விடுமே என்ற பயத்தில் புரோக்கர் இறங்கி வருகிறான். வெற்றி! ஆனால் அந்த ஒரு ரூபாயை அவன் தன் மடியிலிருந்தா கொடுப்பான்? ஆட்களுக்கென்று விட்டிருந்த தனி வண்டியை நிறுத்தி விடுகிறான். சுமை ஏற்றிய லாரியின் மேலேயே ஏறி வரச் சொல்கிறான். ராத்திரியில் லாரி கவிழ்கிறது. ஆணும் பெண்ணும் பிள்ளையுமாகத் தாருக்கு அடியில் கிடக்கிறார்கள்.

ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்தான். பறித்தது பணமாக இருந்தால் மீட்டிருக்கலாம். உயிரையல்லவா பறித்தான்! முதலாளித்துவக் கணக்கு என்றால் என்ன என்று வகுப்பில் மணிக்கணக்காக நாம் விளக்குவதை இந்த ஒரு லாரி விளக்கி விட்டது.

இந்தப் படத்தை ஒரு விவசாயத் தொழிலாளர் தெருவில், ஒரு தோழர் வீட்டுத் திண்ணையில் டெலிவிஷனை வைத்துப் பத்து முப்பது பேரோடு பார்த்தோம். முடிந்ததும் யாரும் பேசவில்லை. ஒரு மூதாட்டி மட்டும் சேலையை உதறிக் கொண்டு எழுந்து, "நாளைக்குக் காலையில நாம ஏறப் போறதும் அதே மாதிரி வண்டிதானே, தம்பி" என்றார். மறுநாள் விடியலில் லோடு ஆட்டோ வந்தது. சாமான் ஏற்றும் வண்டியில் இருபதுக்கு மேற்பட்ட பெண்கள், தூக்குச் சட்டியும் கையுமாக, நின்றபடி ஏறினார்கள். நாம் பார்த்துக் கொண்டு நின்றோம்.

தோழர்களே, மறைப்பானேன்? நம் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் ஏழு கோரிக்கைகள் இருந்தன. கூலி இருந்தது, வேலை நாள் இருந்தது, மனைப் பட்டா இருந்தது. வண்டி இல்லை. பல வருஷமாக அந்தப் பெண்கள் அப்படித்தான் போய் வருகிறார்கள். நம் கண்ணில் அது படவில்லை. ஒரு சினிமாக்காரர் கண்ணில் பட்டிருக்கிறது. இப்போது எட்டாவதாக அதைச் சேர்த்திருக்கிறோம்: ஆள் ஏற்றும் வண்டியில்தான் ஆள் ஏற வேண்டும், அதன் செலவு வேலைக்கு அழைப்பவனைச் சேர்ந்தது.

படத்தில் குறை இல்லையா? உண்டு. வாத்தியாரம்மா மீது பையனுக்குள்ள பிரியத்தைக் காட்ட எடுத்துக் கொண்ட நேரத்தில் கொஞ்சம், கூலி கேட்டு நின்றவர்கள் எப்படி ஒன்று சேர்ந்தார்கள் என்பதற்குக் கொடுத்திருக்கலாம். படம் அழுகையில் முடிகிறது. அழ வைப்பது கலைஞன் வேலை, சரி. அழுது முடித்த பின் எழுந்து நிற்க வைப்பது நம் வேலை. கூலிக்காக ஒன்றாக நின்றவர்கள், "இந்த லாரியில் ஏற மாட்டோம்" என்று சொல்லவும் ஒன்றாக நின்றிருந்தால்? அதைச் சொல்ல அங்கே ஒரு சங்கம் இல்லை. இதுதான் நாம் கற்க வேண்டிய பாடம்.

மாஸ்கோவில் பிறந்த கட்டங்கள்

இரண்டாவது படம் 2023இல் வந்த ஆங்கிலப் படம், 'டெட்ரிஸ்'. அதே பெயருள்ள விளையாட்டின் கதை. விளையாட்டைத்தான் முதலில் ஆடினோம். நான்கு நான்கு சதுரங்களாலான ஏழு வகைக் கட்டைகள் மேலேயிருந்து விழுகின்றன. திருப்பித் திருப்பி அடுக்கி ஒரு வரிசையை நிரப்பினால் அது மறைந்து விடும். போகப் போக வேகம் கூடும். ஸ்பின்னிங் பகுதித் தோழர் ஒருவர் பத்து நிமிஷம் ஆடிவிட்டு, "நல்லா அடுக்கினா என்ன கிடைக்கும்னு பார்த்தேன். இன்னும் வேகமாத்தான் விழுது. நம்ம வேலைப்பளு கணக்கு மாதிரியில்ல இருக்கு!" என்றார். சிரித்தோம். ஆனாலும் இது நல்ல விளையாட்டு. ரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை, பணம் கட்டத் தேவையில்லாமலும் ஆடலாம். மூளைக்கு வேலை உண்டு.

இதை உண்டாக்கியவர் அலெக்ஸி பஜித்னோவ். 1984இல் மாஸ்கோவில் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பு மையத்தில் வேலை பார்த்தபோது செய்தார். வதீம் கெராசிமோவ் என்ற பதினாறு வயதுப் பள்ளி மாணவன் அதை வேறு கம்ப்யூட்டரிலும் ஓடும்படி மாற்றி அமைப்பதில் உதவினான். எந்த முதலாளியும் லாபக் கணக்குப் போட்டு இதைச் செய்யச் சொல்லவில்லை. ஜனங்கள் கைக்குக் கை பிரதி எடுத்துக் கொண்டார்கள். பொதுச் சொத்தில் இயங்கிய நிலையத்தில், ஓய்வான மனத்தோடு ஒரு விஞ்ஞானி விளையாடிப் பார்த்ததில் பிறந்தது இது.

படம் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. உரிமையை வாங்க வந்த ஹெங்க் ரோஜர்ஸ் என்ற வியாபாரிதான் கதாநாயகன். சோவியத் நாடு என்றால் இருட்டு, பயம், ரகசியப் போலீஸ், கார் துரத்தல். அந்தக் கார் துரத்தல் நடக்கவே இல்லை. விறுவிறுப்புக்காகச் சேர்த்த கற்பனை. ஆனால் எல்லாமே பொய் என்று நாம் சொல்ல மாட்டோம். பஜித்னோவ் உரிமையைப் பத்து வருஷத்துக்கு அரசு ஸ்தாபனத்துக்கு விட்டுக் கொடுத்தார். உலகமெங்கும் விற்ற விளையாட்டுக்கு 1996 வரை அவருக்கு உரிமைத் தொகை கிடைக்கவில்லை. உழைத்தவனை மறந்த குறையை, அது எந்தக் கொடியின் கீழ் நடந்தாலும், குறை என்றே சொல்ல வேண்டும்.

படத்தில் ஓரமாக நிற்கும் ஒருவரைத்தான் நாம் நடுவில் நிறுத்த விரும்புகிறோம். அவர் பெயர் ராபர்ட் மாக்ஸ்வெல். லண்டனில் 'டெய்லி மிரர்' பத்திரிகையின் முதலாளி. ஒரு காலத்தில் தொழிற்கட்சி எம்.பி. இந்த விளையாட்டின் உரிமையைப் பிடிக்கப் போட்டி போட்டவர்களில் அவர் கம்பெனியும் ஒன்று. 1991 நவம்பரில் தம் சொகுசுக் கப்பலிலிருந்து கடலில் விழுந்து செத்தார். அதன் பிறகு கணக்கைப் பிரித்தார்கள். தொழிலாளிகளின் பென்ஷன் நிதியிலிருந்து 40 கோடி பிரிட்டிஷ் பவுனுக்கு மேல் காணோம்! அச்சு இயந்திரத்தின் முன் முப்பது வருஷம் நின்ற தொழிலாளியின் முதுமைக் கஞ்சியை எடுத்துக் கம்பெனியின் ஓட்டையை அடைத்திருக்கிறார். பி.எப். பணத்தைப் பிடித்துக் கொண்டு கட்டாமல் விடும் மில்களைப் பார்த்த நமக்கு இது புதிதா? 'சம்பளச் சீட்டில் பிடித்தது கணக்கில் ஏறியதா?' என்று மாதாமாதம் கேளுங்கள். இந்தப் படம் பார்த்ததற்கு இந்த ஒரு பழக்கம் வந்தாலே போதும்.

ஆளுக்கு இவ்வளவு கூலி

மாணவத் தோழர் ஒருவர் தம் செல்போனில் ஏற்றிக் கொடுத்த விளையாட்டு 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. லூகாஸ் போப் என்பவர் தனி ஆளாக உண்டாக்கி 2013இல் வெளியிட்டது. 2022இல் செல்போனுக்கு வந்தது. நாம் எல்லைச் சாவடியில் உட்கார்ந்திருக்கும் சோதனை அதிகாரி. வரிசையில் வருகிறவர்களின் காகிதத்தைப் பார்த்து உள்ளே விடவோ திருப்பி அனுப்பவோ முத்திரை குத்த வேண்டும். ஒரு ஆளைச் சரியாகப் பார்த்து முடித்தால் ஐந்து காசு. பீஸ் ரேட்! இரண்டு தப்புக்கு எச்சரிக்கை, மூன்றாவதிலிருந்து அபராதம். சாயங்காலம் கணக்குத் தாள் வருகிறது: வாடகை இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு, குளிருக்குக் கணப்பு இவ்வளவு. பணம் பற்றாவிட்டால் பிள்ளைக்கு மருந்தா, வீட்டுக்குக் கணப்பா என்று நாமே தீர்மானிக்க வேண்டும்.

விளையாட்டில் வரும் நாடு கற்பனை நாடு. 1982ஆம் வருஷம் என்று போட்டு, கிழக்கு ஐரோப்பாவைக் கேலி செய்யும் நோக்கம் தெரிகிறது. அந்தக் குத்தல் நமக்கு ரசிக்கவில்லை. ஆனால் ஆட ஆட ஒன்று உறைத்தது. கணவனை உள்ளே விட்டாயிற்று. பின்னால் வரும் மனைவியிடம் ஒரு சீட்டுக் குறைகிறது. "தயவு செய்யுங்கள்" என்கிறாள். விட்டால் நம் கூலியில் கை வைப்பார்கள். ஆளைப் பிடித்துக் கொடுத்தால் பங்கு தருகிறேன் என்று ஒரு காவலாளி ஆசை காட்டுகிறான். வயிறு ஒரு பக்கம் இழுக்க, மனசு ஒரு பக்கம் இழுக்கிறது. ஏழையை ஏழைக்குக் காவல் வைக்கிற தந்திரம் எந்த நாட்டுக்கும் பொது.

இன்று நம் மில் விடுதிகளில் ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். "இவன் வந்துதான் நம் கூலி குறைந்தது" என்று நம் தோழர்களே சில இடங்களில் பேசக் கேட்டிருக்கிறோம். கூலியைக் குறைத்தவன் ஆபீசில் அல்லவா உட்கார்ந்திருக்கிறான்! பக்கத்து மெஷினில் நிற்கிறவனுக்கு நாம் சோதனைச் சாவடி ஆகிவிடக் கூடாது. அவனையும் சங்கத்தில் சேர்த்தால்தான் நம் கூலியும் நிற்கும்.

ஆடாமலே அறிந்த ஆட்டம்

கடைசியாக ரம்மி. பணம் கட்டிச் செல்போனில் ஆடும் சீட்டு. இதை நாம் ஆடவில்லை, ஆடியவரைப் பார்த்தோம். நம் யூனியன் உறுப்பினர், ராத்திரி ஷிப்டுக்காரர். போராடி வாங்கிய தீபாவளி போனஸை ஒரே வாரத்தில் தொலைத்தார். முதலில் கொஞ்சம் ஜெயித்தாராம். தூண்டிலில் புழு இல்லாமல் மீன் வருமா? பிறகு கைமாற்று, பிறகு மனைவியின் தோடு. இரண்டு மாதம் சங்கத்துக்கு வரவே இல்லை. வெட்கம்! விஷயம் தெரிந்து வீட்டுக்குப் போனபோது, "உங்க எல்லார் முகத்திலயும் எப்படி முழிப்பேன்?" என்று அழுதார். கொள்ளையடித்தவன் வெட்கப்படவில்லை, கொள்ளை போனவன் வெட்கப்படுகிறான்.

தமிழகச் சட்டமன்றம் 2022இல் தடைச் சட்டம் கொண்டு வந்தது. கவர்னர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றி, பிறகு அமலாக்கினார்கள். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. அவ்வருஷம் நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மிக்கும் போக்கருக்கும் இந்தத் தடை செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டைத் தடுக்கும் சட்டம் நிறைவேற்றியது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் சட்டம் கதவைச் சாத்தினால் ஜன்னல் வழியே வருகிறவர்கள் இவர்கள். கடன் சுமையும் கூலிப் பற்றாக்குறையும் இருக்கும் வரை, ஒரே ராத்திரியில் கரையேறி விடலாம் என்ற ஆசை காட்டுகிறவனுக்கு ஆள் கிடைத்துக் கொண்டேதான் இருக்கும்.

என்ன செய்வது?

செல்போனைப் பிடுங்கி உடைப்பதா? கூடாது, முடியவும் முடியாது. இளைஞனைப் பார்த்து "நீ கெட்டுப் போனாய்" என்று உபதேசம் செய்தால் அவன் சங்க வாசலை மிதிக்க மாட்டான். ரசனை குற்றமல்ல. நாளெல்லாம் உழைத்தவனுக்குச் சிரிக்கவும் ஆடவும் உரிமை உண்டு. அந்த உரிமைக்காகத்தான் மே தினத் தியாகிகள் செத்தார்கள்.

நாம் சொல்வது இதுதான். மாதம் ஒரு நாள் சங்க அலுவலகத்தில், தெருத் திண்ணையில், ஒரு படத்தை எல்லோருமாகப் பாருங்கள். பெண்களும் பிள்ளைகளும் வரட்டும். முடிந்ததும் விளக்கைப் போட்டு அரை மணி நேரம் பேசுங்கள். இதில் உழைத்தவன் யார், தின்றவன் யார், கண்ணில் காட்டாமல் விட்டது எதை என்று மூன்றே கேள்வி கேளுங்கள். பிள்ளை ஆடும் விளையாட்டை ஒரு தடவை நீங்களும் ஆடிப் பாருங்கள். பணம் கேட்கும் இடத்தை அவனுக்குக் காட்டிக் கொடுங்கள். ரம்மியில் விழுந்த தோழனை ஏளனம் செய்யாமல் வீடு தேடிப் போய்க் கூட்டி வாருங்கள்.

நம் ராத்திரி ஷிப்டுத் தோழர் போன மாதம் கூட்டத்துக்கு வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். லோடு ஆட்டோவைப் பற்றிக் கேட்ட மூதாட்டி, எட்டாவது கோரிக்கையைப் படிக்கும்போது முன் வரிசையில் இருந்தார். அவ்விருவருக்கும் நாம் பட்ட கடன் ஒன்று இருக்கிறது. வேலை நேரத்தைக் காக்கத் தெரிந்த நாம், ஓய்வு நேரத்தையும் காக்கக் கற்றுக் கொள்வோம். மூன்றாவது எட்டு மணி நேரம் நமக்கே!