மூங்கிலடியில் பிறக்கட்டும் குழலோசை

கோகுலாஷ்டமி நெருங்கும்போதெல்லாம் சிராங்கூன் சாலைக் கடைகளில் குழந்தைகளுக்கான கண்ணன் வேடப் பொருள்கள் வந்து குவிகின்றன. மஞ்சள் பட்டு, மயிற்பீலி, முத்துமாலை, அவற்றோடு சரிகைக் காகிதம் சுற்றிய ஒரு குழல். பெற்றோர் ஆசையுடன் வாங்கி அணிவிக்கின்றனர். சன்னிதியின் முன் வந்து நிற்கும் அந்தச் சின்னஞ்சிறு கண்ணனைக் கண்டு மகிழாத உள்ளம் உண்டோ?

ஆயினும் அக்குழலைச் சற்றே கையில் வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் அது பிளாஸ்டிக் குழாய். ஊதினால் ஓசை எழாது. சிலவற்றில் துளைகூட இல்லை. துளை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் புள்ளிகள் மட்டுமே இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன்பு என் பேரன் அப்படிப்பட்ட ஒன்றை வாயில் வைத்து ஊதிப் பார்த்துவிட்டு, “தாத்தா, கண்ணனுடைய குழலில் ஏன் சத்தம் வரவில்லை?” என்று கேட்டான். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

விழாக்கால ஒப்பனையில் குற்றம் காண்பது என் நோக்கமன்று. ஆனால் அக்குழந்தை வளர்ந்த பின்பும் குழலென்பது ஓர் ஒப்பனைப் பொருள் என்றே எண்ணுமாயின், அது பெரியவர்களாகிய நம் குறையே ஆகும். நம் ஆலயங்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பிள்ளைகளைக் கூட்டி, மூங்கிலைக் கையில் கொடுத்து, தாமே ஒரு குழலைச் செய்து பார்க்க வழிசெய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

இவ்வேண்டுகோளுக்கு நாம் புழங்கும் இடமே துணைநிற்கிறது. நாள்தோறும் நாம் சொல்லும் ‘தேக்கா’ என்னும் பெயர் ஹொக்கியன் மொழியிலிருந்து வந்தது. சிறு மூங்கில்களின் அடி என்பது அதன் பொருள். முற்காலத்தில் ரோச்சோர் கால்வாயோரம் மூங்கில் வளர்ந்திருந்ததால் அமைந்த பெயர் அது. அதே வட்டாரத்தை மலாய் மக்கள் ‘கண்டாங் கெர்பாவ்’, அதாவது எருமைத் தொழுவம் என்றனர். 19ஆம் நூற்றாண்டில் இங்கே கால்நடை வாணிகம் செழித்திருந்தது. பஃப்ளோ ரோடு என்னும் பெயர் அதன் எச்சமாக இன்றும் நிற்கிறது. மூங்கிலும் மாடும் சேர்ந்திருந்த மண் இது. குழல் பிறந்ததும் அவ்விரண்டும் சேர்ந்த முல்லை நிலத்தில்தானே!

குழல் செய்யும் கலை நமக்குப் புதிதன்று. சங்க நூலாகிய பெரும்பாணாற்றுப்படையில் ஆயர் இளைஞன் ஒருவன் தீக்கடைகோலால் நெருப்புண்டாக்கி, அந்நெருப்பால் துளையிட்டுத் தன் குழலைத் தானே செய்துகொள்கிறான். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், குழலுக்குரிய மரத்தை வெட்டி ஓராண்டு நிழலில் இட்டு வைக்க வேண்டும் என்றும், திருகலோ பிளவோ இல்லாமை அறிந்த பின்னரே எடுக்க வேண்டும் என்றும் கூறுகிறார். நீளம் 20 விரல், சுற்றளவு நாலரை விரல் என்று அளவும் தருகிறார். குழலுக்குரிய பொருள்களுள் மூங்கிலே தலையாயது என்பதும் அவர் உரையிலிருந்து நாம் அறியும் செய்தி.

திருமங்கலத்து ஆனாய நாயனார் கொன்றை மரத்தின் முன் நின்று திருவைந்தெழுத்தைக் குழலில் இசைத்த வரலாறு நாம் அனைவரும் அறிந்ததே. மேய்ச்சலை மறந்து நின்ற பசுக்களையும், பகை மறந்து ஒன்றாய் நின்ற பாம்பையும் மயிலையும் சொற்பொழிவாளர்கள் உருக்கமாக எடுத்துரைப்பர். அதே புராணத்தில், மூங்கிலை நூல்முறைப்படி அரிந்து, விரலளவாக இடம் வகுத்துத் துளைகளை அமைத்த முறையையும் சேக்கிழார் பெருமான் பாடியுள்ளார். இசையைப் பாடிய செய்யுளை நாம் போற்றினோம். கருவியைப் பாடிய செய்யுளைக் கடந்து சென்றுவிட்டோம்.

பேரனின் கேள்வி என்னை விடவில்லை. ஆகவே நானே ஒரு குழல் செய்து பார்ப்பதென்று துணிந்தேன். முதல் தடை மூங்கில்தான். நம் நாட்டில் பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் செடிகொடிகளை வெட்டுவது சட்டப்படி குற்றம். அது சரியான சட்டமும்கூட. கடைசியில் என் வீவக வீட்டின் சமையலறைச் சன்னலுக்கு வெளியே பல ஆண்டுகள் துணி காய்ந்த பழைய மூங்கில் கழி ஒன்று கைகொடுத்தது. வெயிலிலும் காற்றிலும் நன்றாக உலர்ந்திருந்த அதில், இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட ஒரு பகுதியை, ஒரு பக்கத்துக் கணுவோடு சேர்த்து அறுத்தெடுத்தேன்.

முதல் குழலுக்கு மின்துளைப்பானைப் பயன்படுத்தினேன். நார் பிய்ந்து, கழி நீளவாக்கில் விண்டது. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் துளையிட்டால் மூங்கில் பிளவாது என்பதை அதன் பின்னரே அறிந்தேன். சங்க காலத்து ஆயர் இளைஞன் அறிந்திருந்ததை நான் ஒரு கழியைப் பாழாக்கித் தெரிந்துகொண்டேன்! இரண்டாம் குழலில் வாய்த்துளை நன்றாக அமைந்தது. விரல்துளை ஒன்றைத் தேவைக்கு மேல் அகலமாக்கிவிட்டேன். மூன்றாவது குழல் மூன்று சுரங்களைத் திருத்தமாகச் சொல்கிறது. நான்காவதில் இன்னும் பிடிவாதம் பிடிக்கிறது.

இத்தோல்விகள் எனக்குக் கற்றுத்தந்தவை பல. துளையை அகலப்படுத்தினால் சுருதி ஏறும். குழலின் நுனியை அறுத்தாலும் ஏறும். ஏற்றிய சுருதியை இறக்குவது எளிதன்று. மெழுகிட்டுத் துளையைச் சற்றே சுருக்கலாம். அறுத்த மூங்கில் திரும்ப வளராது. ஆகவே சிறிய துளையிட்டு, ஊதிப் பார்த்து, சுருதிப் பெட்டியோடு ஒப்பிட்டுக் கேட்டு, மயிரிழை அளவு அராவி, மீண்டும் ஊதிப் பார்க்க வேண்டும். பொறுமை என்னும் சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிட்டியதில்லை.

கருநாடக இசைக் குழலில் வாய்த்துளை நீங்கலாக எட்டுத் துளைகள் உண்டு. விரல்கள் பதிவது ஏழில்தான். அத்துளைகளை ஒவ்வொன்றாக முழுமையாகத் திறந்துகொண்டே சென்றால் இயல்பாக எழுவது அரிகாம்போதியின் சுரங்கள். பழந்தமிழரின் செம்பாலையும் அதுவே என்பது இசை ஆய்வாளர் பலர் கொண்ட முடிவு. ஒரு சிறுவன் தன் கையால் துளையிட்ட மூங்கிலில் இப்பழம்பண் எழக் கேட்பானாயின், எந்தப் பாடநூலும் தர இயலாத பெருமிதத்தை அவன் அடைவான்.

நம் நாட்டுத் தட்பவெப்பமும் ஓர் ஆசிரியரே. மழைக்காலத்தில் மூங்கிலில் பூசணம் பூக்கிறது. குளிர்சாதன அறையில் வைத்தாலோ உலர்ந்து வெடிக்கிறது. எண்ணெய் தடவிப் பேண வேண்டும். காற்றின் வெப்பம் குறைந்தால் ஒலியின் வேகமும் குறைவதால், ஆலய மண்டபத்தில் சுருதியோடு இசைந்த குழல் குளிரூட்டிய அரங்கில் இறங்கிப் பேசும். கருவியைத் தன் கையால் செய்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு என்பதை நான் அறிவேன். “சுருதி சேராத குழலில் பழகினால் பிள்ளையின் செவி கெட்டுவிடும்” என்று இசையாசிரியர்கள் எச்சரிப்பர். அவர்கள் கூற்று முற்றிலும் உண்மை. சிறுவயதிலேயே கண்ணொளி இழந்த சரப சாஸ்திரியும் (1872–1904), மாலி என்று உலகம் போற்றிய டி.ஆர்.மகாலிங்கமும் (1926–1986) செவிநுட்பத்தால் உயர்ந்தவர்கள். ஆகவே பாடம் பயில்வது ஆசிரியர் தேர்ந்து தரும் நல்ல குழலிலேயே நடக்கட்டும். கையால் செய்த குழல் பயிற்சிக்கன்று, அறிவதற்கு. எது தவறான சுருதி என்று தன் செவியால் கண்டுபிடித்து அராவித் திருத்திய பிள்ளை, நல்ல குழலின் அருமையை உணர்வான். பழுக்கக் காய்ச்சிய கம்பியைக் கையாளும் வேலை மட்டும் பெரியவர்களிடம் இருக்கட்டும். அளத்தலும் அராவுதலும் கேட்டலும் பிள்ளைகளுக்கு உரியவை.

“வேலைப்பளு மிகுந்த ஆலயங்களுக்கு இதெல்லாம் எதற்கு?” என்றும் சிலர் வினவலாம். தைப்பூச ஊர்வலப் பாதையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இசைக்கருவிகளுக்கு இடமில்லாதிருந்து, 2016ஆம் ஆண்டில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு இடம் கிடைத்தபோது நாம் எவ்வளவு மகிழ்ந்தோம்! இசைக்க இடம் வேண்டும் என்று கேட்ட சமூகம், இசைப்போரையும் உருவாக்க வேண்டாவா? நம் ஆலயங்களில் நாகசுரமும் தவிலும் முழங்குவோர் பலர் கடல்கடந்து வந்து தொண்டு புரிபவர்கள். அவர்களுக்கு நாம் நன்றியுடையோம். எனினும் இங்கே பிறந்த பிள்ளைகளின் மூச்சும் இறைவன் சன்னிதியில் இசையாக வேண்டும் என்று விழைவது தவறாகாது.

வழி கடினமானதன்று. அசாமிலும் கேரளத்திலும் கணுவிடை நீண்ட, மெல்லிய சுவருடைய மூங்கில்கள் விளைகின்றன. நன்கு உலர்ந்த சில கட்டுகளை ஆலய நிர்வாகங்கள் கூடி வரவழைக்கலாம். ஒரு துணிக்கழியின் தடித்த மூங்கிலோடு நான் பட்ட பாடு பிள்ளைகளுக்கு வேண்டா. 1949இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் போன்ற அமைப்புகளில் பயின்றோர் வழிகாட்டலாம். தச்சு வேலை அறிந்த முதியோர் நம்மிடையே உள்ளனர். அவர்களின் கைத்திறனுக்கும் ஒரு நற்பயன் கிட்டும். பள்ளி விடுமுறையில் இரண்டு காலைப் பொழுதுகள் போதும். ஆலயப் புரவலர்கள் மனம் வைத்தால் செலவு ஒரு பொருட்டன்று. வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1870 முதல் அருள்பாலிக்கும் ஸ்ரீ கிருஷ்ணன் ஆலயத்திலும், சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலும் கோகுலாஷ்டமியன்று பிள்ளைகள் தாம் செய்த குழல்களைத் தட்டில் ஏந்தி வரும் காட்சியை எண்ணிப் பாருங்கள்!

அக்குழல்களில் பல, சுருதி பிசகியே ஒலிக்கும். சில, ஒரே ஒரு சுரம் மட்டும் பேசும். அதனால் என்ன? என் மூன்றாவது குழலைப் பேரன் கையில் கொடுத்தேன். நெடுநேரம் காற்றுதான் வந்தது. பிறகு ஒரு கணம், ஒரே ஒரு கணம், தெளிவான ஓர் ஓசை எழுந்தது. அவன் குழலை வாயிலிருந்து எடுத்து, அதை வியப்போடு பார்த்தான். கண்ணனின் குழல் ஏன் பேசவில்லை என்று அவன் அதன் பின் கேட்கவில்லை. எப்போது மீண்டும் பேசும் என்றுதான் கேட்டான்.